சார்லசு பால் அலெக்சாண்டர்

சார்லசு பால் அலெக்சாண்டர் (செப்டம்பர் 25, 1889 – டிசம்பர் 3, 1981) ஓர் அமெரிக்கப் பூச்சியியலாளர் ஆவார். இருசிறகிகள் வரிசையைச் சேர்ந்த கொக்கு ஈக்கள் பற்றிய ஆய்வில் உலகின் முதன்மை அறிஞராக அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விளங்கினார். 11,000-க்கும் மேற்பட்ட கொக்கு ஈச் சிற்றினங்களுக்கு அறிவியல் பெயரிட்டு விவரித்தார். தனியொருவர் ஒரே பூச்சிக் குழுவில் செய்த இத்தகைய பணிகளில் இது மிகப் பெரியவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டின் ஆனைமலை, நீலகிரி ஆகிய மலைகளிலிருந்து அறியப்பட்ட கொக்கு ஈக்களில் பெரும்பாலானவை இவரால் பெயரிடப்பட்டவை.

கொக்கு ஈக்கள்

மிக நீண்ட, மெல்லிய கால்களைக் கொண்டிருப்பதால் இப்பூச்சிகள் கொக்கு ஈக்கள் எனப்படுகின்றன. இரவில் விளக்கொளியை நாடி வீட்டுச் சுவரில் வந்து அமரும் இவற்றைப் பலர் பெரிய கொசு என்று எண்ணி அடித்துவிடுகின்றனர். ஆனால் இவை கடிப்பதில்லை, குருதி குடிப்பதுமில்லை. வளர்ந்த ஈக்கள் சில நாட்கள் முதல் ஓரிரு வாரங்கள் வரையே வாழ்கின்றன. சில தேன் அருந்துகின்றன, பல எதையும் உண்பதேயில்லை.

இவற்றின் குடம்பிகள் பெரும்பாலும் ஈரமண், சேறு, ஓடைப் படுகை, பாசி, மட்கிய மரம், உதிர்ந்த இலைக்குவியல் ஆகியவற்றில் வாழ்கின்றன. மட்கும் தாவரப் பொருட்களைத் தின்று மண்ணுக்குத் திருப்பித் தருவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. சில இனங்களின் குடம்பிகள் பிற சிறு உயிரிகளை வேட்டையாடுகின்றன. ஐரோப்பாவில் சில இனங்கள் புல்வெளிகளின் வேர்களைத் தின்று சேதம் விளைவிக்கின்றன. மலைக்காடுகளில் இவற்றின் வகைகள் மிகுதி. எனினும் சமவெளியிலும் நீர்நிலைகளின் ஈரக் கரைகள் இவற்றுக்கு ஏற்ற வாழிடமாகும். சென்னைக்கு மேற்கே, ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரியின் கரை போன்ற சேற்றுப் பாங்கான இடங்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

இன்று உலகில் 15,000-க்கும் மேற்பட்ட கொக்கு ஈச் சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குப் பெயரிட்டவர் அலெக்சாண்டர்.

இளமையும் கல்வியும்

அலெக்சாண்டர் நியூயார்க் மாநிலத்தில் உள்ள குளோவர்சுவில் என்னும் ஊரில் பிறந்தார். தோல் கையுறைத் தொழிலால் அப்பெயர் பெற்ற ஊர் அது. தந்தை எமில், தாய் சேன் பார்க்கர். எமில் 1873 ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். அங்கு வந்தபின் சுலாண்டென்சுகி என்ற தம் குடும்பப் பெயரை அலெக்சாண்டர் என மாற்றிக்கொண்டார்.

1909 ஆம் ஆண்டு இத்தாக்கா நகரில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அலெக்சாண்டர், 1913 இல் இளநிலைப் பட்டமும் 1918 இல் முனைவர் பட்டமும் பெற்றார். அக்காலத்தில் கார்னெல், அமெரிக்காவில் பூச்சியியல் கல்விக்குத் தலைசிறந்த இடமாக இருந்தது. சான் என்றி காம்சுட்டாக்கு, சேம்சு நீதம் ஆகிய இருவரும் அங்கு கற்பித்து வந்தனர். பூச்சிகளின் சிறகு நரம்புகளுக்கு ஒரே சீரான பெயரிடும் முறையை இவ்விருவரும் 1890களின் இறுதியில் வகுத்திருந்தனர். எல்லாப் பூச்சிகளின் சிறகு நரம்புகளும் ஒரு பொதுவான மூல அமைப்பிலிருந்து தோன்றியவை என்பது அம்முறையின் அடிப்படை. கொக்கு ஈக்களை வகைப்படுத்தச் சிறகு நரம்புகளே தலையாய அடையாளம் என்பதால், இந்தப் பயிற்சி அலெக்சாண்டரின் வாழ்நாள் பணிக்கு அடித்தளமாக அமைந்தது.

நியூயார்க் மாநிலக் கொக்கு ஈக்கள் குறித்த இவருடைய பெருநூல் இரு பகுதிகளாகக் கார்னெலிலிருந்து வெளியானது. 1919 இல் வெளியான முதற்பகுதி வளர்ந்த ஈக்களின் பரவலையும் வகைப்பாட்டையும் கூறியது. 1920 இல் வெளியான இரண்டாம் பகுதி குடம்பிகள், கூட்டுப்புழுக்கள் ஆகியவற்றின் உடலமைப்பையும் குடும்பத்தின் உறவுமுறையையும் ஆராய்ந்தது. வளர்ந்த பூச்சியை மட்டுமன்றி அதன் இளம் பருவங்களையும் கொண்டே வகைப்பாட்டைச் சரிபார்க்க வேண்டும் என்னும் கருத்தை இந்நூல் நிலைநாட்டியது.

பணி வாழ்க்கை

1917 முதல் 1919 வரை கான்சாசு பல்கலைக்கழகத்திலும், 1919 முதல் 1922 வரை இல்லினாய்சிலும் பூச்சியியலாளராகப் பணியாற்றினார். 1922 இல் மாசச்சூசெட்சு மாநிலத்தின் ஆம்கெர்சுட்டு நகரில் இருந்த மாசச்சூசெட்சு வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி 1931 இல் மாநிலக் கல்லூரியாகவும், 1947 இல் மாசச்சூசெட்சு பல்கலைக்கழகமாகவும் மாறியது. பெயர் மாறினாலும் அலெக்சாண்டர் அதே வளாகத்தில் 1959 இல் ஓய்வு பெறும் வரை பேராசிரியராக இருந்தார். ஓய்வுக்குப் பின்னரும் ஆம்கெர்சுட்டில் உள்ள தம் வீட்டிலிருந்தே ஆய்வைத் தொடர்ந்தார்.

1917 இல் மேபெல் மில்லர் என்பவரை மணந்தார். மேபெல் முறையாகப் பூச்சியியல் கற்றவர் அல்லர். ஆயினும் களப்பயணங்களிலும் சேகரிப்பைப் பராமரிப்பதிலும் கணவருடன் இணைந்து உழைத்தார். கோடை விடுமுறைகளில் இருவரும் வட அமெரிக்காவின் மலைப்பகுதிகளில் நெடும்பயணம் செய்து ஈக்களைச் சேகரித்தனர். கீழைத்தேய இருசிறகிகளின் பெயர்ப்பட்டியலில் கொக்கு ஈக்கள் பற்றிய பகுதி 1973 இல் வெளியானபோது அதில் ஆசிரியர்களாக இருவர் பெயரும் இடம்பெற்றன. மேபெலின் பெயரைப் பல சிற்றினங்களுக்கு அலெக்சாண்டர் சூட்டியுள்ளார். 62 ஆண்டு இல்வாழ்க்கைக்குப் பின் 1979 இல் மேபெல் மறைந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, தம் 92 ஆம் அகவையில் அலெக்சாண்டர் காலமானார்.

உடலமைப்பு ஆய்வு

ஒரு பூச்சியைக் கொக்கு ஈ என்று உறுதி செய்யச் சில அடையாளங்கள் போதும். அவை வருமாறு:

* நடுமார்பின் மேற்புறத்தில் ஆங்கில "வி" எழுத்தின் வடிவில் ஒரு தெளிவான பள்ளக்கோடு காணப்படும்.
* தலையில் இரு கூட்டுக்கண்கள் மட்டுமே இருக்கும், தனிக்கண்கள் இரா. பார்வைக்கு இவற்றை ஒத்த குளிர்கால ஈக்களுக்குத் தனிக்கண்கள் உண்டு.
* சிறகின் பின்பகுதியில் உள்ள இரண்டு குத நரம்புகளும் சிறகின் ஓரத்தைத் தொடும். மற்றொரு போலிக் குடும்பத்தில் ஒன்று மட்டுமே ஓரத்தைத் தொடும்.
* பின்சிறகுகள் குறுகிக் குமிழ்த் தண்டுகளாக மாறியிருக்கும். பறக்கும்போது உடலின் சமநிலையை உணர்வதற்கு இவை உதவுகின்றன. கொக்கு ஈக்களில் இவை மறைவின்றி வெளியே தெரியும்.
* கால்கள் எளிதில் கழன்றுவிடும். பகைவரிடம் சிக்கும்போது காலை விட்டுவிட்டுத் தப்புவதற்கு இது உதவுகிறது.

ஆனால் குடும்பத்தை அறிவது எளிது, சிற்றினத்தை அறிவது கடினம். நிறமும் அளவும் ஒன்றுபோலவே உள்ள இரு ஈக்கள் வெவ்வேறு சிற்றினங்களாக இருக்கக்கூடும். ஆண் ஈயின் வயிற்று முனையில் உள்ள கவ்வுறுப்புகளின் வடிவமே இவற்றைப் பிரித்தறிய நம்பகமான வழியாகும். பெண் ஈயின் வயிற்று முனை, முட்டையை மண்ணுக்குள் செலுத்துவதற்கேற்ற கூரிய அமைப்பாக இருக்கும். இதைக் கண்டு அஞ்சி, கொட்டும் கொடுக்கு எனப் பலர் தவறாக எண்ணுவதுண்டு.

அலெக்சாண்டர் சிறகு, கால், ஆண் வயிற்று முனை ஆகியவற்றைத் தனியே பிரித்து, கண்ணாடித் தகடுகளில் நிலையாகப் பொருத்தி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். எளிதில் ஒடியும் உடலைக் கொண்ட இப்பூச்சிகளுக்கு இம்முறை மிகவும் பொருந்தியது. உலர்ந்த மாதிரியில் கால்கள் உதிர்ந்து போனாலும் தகட்டில் உள்ள உறுப்புகள் பல பத்தாண்டுகள் சிதையாமல் இருக்கும்.

சிறகு நரம்புகளின் பெயரிடல் குறித்து ஆத்திரேலியாவின் புகழ்பெற்ற பூச்சியியலாளர் ராபின் தில்லியார்டு கொண்டிருந்த விளக்கத்திலிருந்து அலெக்சாண்டர் வேறுபட்டார். சிறகின் முன்பகுதியில் உள்ள ஆர நரம்பின் கிளைகளை எவ்வாறு எண்ணுவது என்பதே கேள்வி. தம் விளக்கத்தை 1927 இல் நியூ சவுத் வேல்சு லின்னேயன் கழகத்தின் இதழில் விரிவாக வெளியிட்டார். ஒரு நரம்பை மாற்றி எண்ணினால் பேரினங்களுக்கு இடையிலான உறவே மாறிவிடும் என்பதால் இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று.

வகைப்பாடு

1758 இல் லின்னேயசு "திப்புலா" என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். கொசுக்கள் தவிர்ந்த நீண்டகால் ஈக்கள் பலவும் முதலில் அதில் அடங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருசிய நாட்டுத் தூதராக அமெரிக்காவில் பணியாற்றிய ஓசுட்டன் சாக்கன் இக்குடும்பத்துக்கு ஒழுங்கான வகைப்பாட்டை அளித்தார். அலெக்சாண்டர் அந்த மரபைத் தொடர்ந்து வளர்த்தார்.

எல்லாக் கொக்கு ஈக்களையும் "திப்புலிடே" என்னும் ஒரே குடும்பமாகக் கொண்டு, அதனை மூன்று துணைக்குடும்பங்களாக அலெக்சாண்டர் பிரித்தார். பெரிய உருவமும், பெரும்பாலும் 13 கணுக்கள் கொண்ட உணர்கொம்பும், நீண்ட கடைசிக் கணுவுடைய வாயுணரியும் உடையவை முதல் பிரிவு. சிறிய உருவமும், பெரும்பாலும் 14 அல்லது 16 கணுக்கள் கொண்ட உணர்கொம்பும் உடையவை மிகப்பெரிய பிரிவான லிமோனியினே. பாசிகளிலும் செடிகளிலும் குடம்பிப் பருவத்தைக் கழிக்கும் சிலிண்ட்ரோடோமினே மூன்றாவது சிறு பிரிவு.

இவருடைய மறைவுக்குப் பின் இவ்வகைப்பாடு மாற்றம் கண்டது. 1992 இல் செக் நாட்டு அறிஞர் சுடாரி, கொக்கு ஈக்களை நான்கு தனிக் குடும்பங்களாகப் பிரித்தார். கூட்டுக்கண்ணின் முகப்புகளுக்கிடையே நுண்மயிர்கள் கொண்ட பெடிசியிடே, லிமோனியிடே, சிலிண்ட்ரோடோமிடே, திப்புலிடே என்பன அவை. 2010 இல் வெளியான, உடலமைப்பையும் மரபணுக்களையும் இணைத்துச் செய்யப்பட்ட ஆய்வு, லிமோனியிடே இயற்கையான ஒரு தனிக்கிளை அன்று எனக் காட்டியது. பெடிசியிடே மட்டும் தனிக் குடும்பம், எஞ்சியவை அனைத்தும் திப்புலிடே எனக் கொள்ளலாம் என்றும் அவ்வாய்வு முன்மொழிந்தது. இதனால் எத்தனை குடும்பங்கள் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இன்னும் ஏற்படவில்லை. குடும்ப எல்லைகள் மாறினாலும் அலெக்சாண்டர் விவரித்த சிற்றினங்களே இந்த விவாதங்கள் அனைத்துக்கும் மூலப்பொருளாக உள்ளன.

இந்தியக் கொக்கு ஈக்கள்

இந்தியாவில் இத்துறையைத் தொடங்கி வைத்தவர்களுள் முதன்மையானவர் என்ரிகோ புருனெட்டி (1862–1927). இசைக்கலைஞராகத் தொழில் புரிந்த இவர் 1904 இல் கல்கத்தாவில் தங்கி, இந்திய அருங்காட்சியகத்தின் ஈக்களை ஆராய்ந்தார். 1911 இல் கீழைத்தேயக் கொக்கு ஈக்களின் மறுஆய்வை அருங்காட்சியக இதழில் வெளியிட்டார். 1912 இல் பிரித்தானிய இந்திய விலங்குகள் நூல்வரிசையில் இவர் எழுதிய முதல் தொகுதியிலும் கொக்கு ஈக்கள் இடம்பெற்றன. 1927 இல், புருனெட்டி மறைந்த ஆண்டிலேயே, அதே அருங்காட்சியகத்தின் கொக்கு ஈக்களைப் பற்றிய அலெக்சாண்டரின் கட்டுரைத் தொடரின் முதற்பகுதி வெளியானது.

தென்னிந்தியாவிலிருந்து அலெக்சாண்டருக்கு மிகுதியான மாதிரிகளை அனுப்பியவர் பி. சூசைநாதன். காரைக்கால் பகுதியில் உள்ள குரும்பகரத்தைச் சேர்ந்த இவர், பல நாட்டு அருங்காட்சியகங்களுக்கும் அறிஞர்களுக்கும் பூச்சிகளைச் சேகரித்து அனுப்பியவர். ஆனைமலையில் உள்ள சின்கோனா, நீலகிரி, கோயம்புத்தூர் சுற்றுப்பகுதி, கேரள மலைகள் எனப் பல இடங்களில் இவர் சேகரித்த ஈக்கள் அஞ்சல் வழியாக ஆம்கெர்சுட்டு சென்றன. சூசைநாதனைச் சிறப்பிக்கும் வகையில் "நாதனி", "சூசைநாதனி" என்னும் அடைமொழிகளைப் பல பூச்சிச் சிற்றினங்கள் தாங்கியுள்ளன.

இமயமலை, சிக்கிம், அசாம், மணிப்பூர் ஆகிய பகுதிகளில் 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் பெர்னாண்டு சுமித்து என்ற சுவிட்சர்லாந்து நாட்டுப் பூச்சியியலாளர் திரட்டிய ஈக்களும் அலெக்சாண்டரிடம் வந்தன. அவற்றிலிருந்து நூற்றுக்கணக்கான புதிய சிற்றினங்கள் பெயர் பெற்றன. இவ்வாறு இந்தியக் கொக்கு ஈக்கள் பற்றிய அறிவில் பெரும்பகுதி, ஆயிரக்கணக்கான கல் தொலைவில் ஒரு மேசையின் மேல் உருவானது.

பணியின் அளவு

அலெக்சாண்டர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை எழுதினார். நாளொன்றுக்கு ஒரு சிற்றினம் என்ற வீதத்தில் இவர் விவரித்தார் எனச் சில இடங்களில் கூறப்படுவது மிகைக் கூற்றாகும். 1910களின் தொடக்கம் முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் 11,000 சிற்றினங்கள் என்றால், இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு ஒன்று என்பதே சரியான கணக்கு. பாடம் நடத்துவது, களப்பயணம், மாதிரிகளைத் தகட்டில் பொருத்துவது ஆகியவற்றுக்கு இடையில் இதைச் செய்தார் என்பதைக் கருதினால் அதுவே பெரும் வேகம்.

இவருடைய பிற முக்கியப் பணிகள்:

* பட்டகோனியா, தெற்கு சிலி ஆகியவற்றின் கொக்கு ஈக்கள் பற்றிய நூல் (1929)
* பால்டிக் அம்பரில் புதைந்த தொல்லுயிர்க் கொக்கு ஈக்கள் பற்றிய ஆய்வு (1931)
* வட அமெரிக்க இருசிறகிகள் பெயர்ப்பட்டியலில் கொக்கு ஈப் பகுதி (1965)
* கலிபோர்னியாவின் கொக்கு ஈக்கள் (1967)
* வட அமெரிக்க இருசிறகிகள் கையேட்டில் சார்ச்சு பயர்சுடன் இணைந்து எழுதிய இயல் (1981). இது இவர் மறைந்த ஆண்டில் வெளியானது.

திறனாய்வு

இவருடைய பணியின் வேகமே சில குறைகளுக்கும் காரணமாயிற்று. விவரணைகள் உலகின் பல நாட்டு இதழ்களில் சிதறிக் கிடக்கின்றன. பல சிற்றினங்கள் ஒரே ஒரு மாதிரியை மட்டும் கொண்டு பெயரிடப்பட்டவை. ஆண் ஈயா, பெண் ஈயா என்பதில் ஒன்று மட்டுமே அறியப்பட்டவையும் உள்ளன. பெரும்பாலானவற்றின் குடம்பிப் பருவம் இன்றுவரை கண்டறியப்படவில்லை. தம் முதல் பெருநூலில் இளம் பருவங்களுக்கு அவ்வளவு முதன்மை கொடுத்தவரின் பிற்காலப் பணியில், தொலைநாடுகளிலிருந்து வந்த உலர்ந்த மாதிரிகளைக் கொண்டு அதைச் செய்ய இயலாமற் போயிற்று. இந்தியா போன்ற நாடுகளுக்கு, எல்லாச் சிற்றினங்களையும் பிரித்தறிய உதவும் முழுமையான திறவுகோல் ஒன்றையும் அவர் எழுதவில்லை. எனவே மேற்குத்தொடர்ச்சி மலையில் ஓர் ஈயைப் பிடிக்கும் மாணவர், அதன் பெயரை அறிய டசன் கணக்கான பழைய கட்டுரைகளைப் புரட்ட வேண்டியுள்ளது.

மறுபுறம், இப்பணி அந்நாளிலேயே செய்யப்படாதிருந்தால் பின்னர் செய்ய வாய்ப்பில்லாத இடங்களும் உண்டு. சூசைநாதன் ஈக்களைச் சேகரித்த ஆனைமலைச் சின்கோனா, மருந்துப்பட்டைத் தோட்டமாக இருந்து பின்னர் தேயிலைத் தோட்டமாக மாறியது. மாதிரிகளோடு இணைந்த சிறு காகிதச் சீட்டில் உள்ள இடம், உயரம், நாள் ஆகியவையே அம்மலையின் ஈர நிலங்களில் அன்று எவை வாழ்ந்தன என்பதற்குச் சான்று. அவை இன்றும் அங்கு வாழ்கின்றனவா என்பதை அறிய, அதே இடத்தில் மீண்டும் தேட வேண்டும். எதைத் தேடுவது என்பதை அச்சீட்டுகளே கூறுகின்றன.

சேகரிப்பும் மரபும்

அலெக்சாண்டரின் சேகரிப்பு இப்போது வாசிங்டனில் உள்ள இசுமித்சோனியன் நிறுவனத்தின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. இவர் பெயரிட்ட ஆயிரக்கணக்கான சிற்றினங்களின் வகைமாதிரிகள் அதில் அடங்கும். வகைமாதிரி என்பது ஒரு பெயர் எந்த உயிரியைக் குறிக்கிறது என்பதை இறுதியாக உறுதி செய்யும் மாதிரியாகும். ஆதலால் தென்னிந்தியக் கொக்கு ஈக்களை ஆராய்பவர்கள் இச்சேகரிப்பை நாட வேண்டியுள்ளது. புருனெட்டியின் வகைமாதிரிகள் பல கொல்கத்தாவில் உள்ளன.

சிதறிக் கிடந்த இவருடைய விவரணைகளை ஒருங்கே அறிய, நெதர்லாந்து அறிஞர் பியோத்தர் ஊசுட்டர்புரூக்கு தொகுத்து வரும் உலகக் கொக்கு ஈக்கள் பெயர்ப்பட்டியல் இன்று இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஒவ்வொரு சிற்றினமும் எந்த ஆண்டில், எந்த இதழில், எந்த நாட்டிலிருந்து விவரிக்கப்பட்டது என்பதை அதில் காணலாம். அப்பட்டியலில் தமிழ்நாட்டுச் சிற்றினங்களைத் தேடினால், பெயரிட்டவர் என்ற இடத்தில் அலெக்சாண்டரின் பெயரே மீண்டும் மீண்டும் வருகிறது. அவற்றுள் பலவற்றின் குடம்பி, உணவு, வாழ்க்கைச் சுழற்சி ஆகியவை இன்னும் எழுதப்படாமல் உள்ளன.